மலர்முகம், முகமலர்

எந்தச் சொல்லையும் அவர் சும்மா வாங்கிக்கொள்ள மாட்டார். ஒருநாள் கணக்கு டீச்சர் ஏழாம் வகுப்பிலிருந்து வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, "உசுர வாங்குதுக" என்றார். நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த இவர் நிமிர்ந்தார். "உயிரை எடுக்குதுன்னும் சொல்றோம், வாங்குதுன்னும் சொல்றோம். எடுக்குறதுன்னா பறிக்கிறது. வாங்குதுன்னா நாமளா குடுக்குறோம்னு ஆகுதே டீச்சர்?" என்று கேட்டார். அதில் கேலி இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கணக்கு டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா, குடுத்துக்கிட்டுத்தான இருக்கோம்" என்றார். இவர் அதைத் தன் நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டார்.

திருப்பரங்குன்றம் போகிற சாலையில் ஒரு தனியார் பள்ளி. அதில் அவரும் நானும் தமிழாசிரியைகள். எனக்கு அப்போது ஐம்பது வயது, அவருக்கு நாலைந்து குறைவாக இருக்கும். பள்ளி தொடங்கிய வருடத்திலிருந்தே நான் அங்கே இருந்தேன், அவர் நடுவில் வந்து சேர்ந்தவர். அதனால் நான் அவரை டீச்சர் என்பேன், அவர் என்னை மிஸ் என்பார். பத்தாம் வகுப்பில் ஏ பிரிவு எனக்கு, பி பிரிவு அவருக்கு. அவர் வீடு கீழவாசல் பக்கம். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் மொழிதான்.

"எங்க வீட்ல தமிழ் கிடையாது மிஸ். உங்களுக்கு அம்மா மடியிலயே கிடைச்சிருச்சு. நான் ஒவ்வொரு சொல்லா கேட்டுத்தான் வாங்கணும்" என்று ஒருமுறை சொன்னார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை. கேட்க இனித்தது எனக்குத்தான்.

உரைநூலில் போட்டிருக்கும் பொருளை அவர் நம்ப மாட்டார். பொருளை வைத்திருப்பவரைத் தேடிப் போவார். 'மடை திறந்த வெள்ளம் போல' என்ற உவமைத்தொடர் பத்தாம் வகுப்புக்கு உண்டு. தடையின்றிப் பேசுதல் என்று எழுதினால் முழு மதிப்பெண். இருபத்தைந்து வருடம் நான் அப்படித்தான் எழுதிப்போட்டேன். அவர் பள்ளி வாசலுக்குப் போய் வாட்ச்மேனைக் கேட்டார். வாட்ச்மேனுக்குப் பரவைப் பக்கம் கொஞ்சம் வயல் உண்டு.

"அண்ணே, மடையத் திறந்தா மொதல்ல என்ன வரும்?"

"மொதல்ல எங்குட்டுத் தண்ணி வருது டீச்சர்? செத்தையும் குப்பையும் நொரையுமா வரும். அதெல்லாம் போனபெறகுதான் நல்ல தண்ணி."

இதை அவர் அப்படியே வகுப்பில் சொன்னார். மடை திறந்த மாதிரி ஒருத்தர் பேசினால் முதலில் வருவதை வைத்து முடிவு கட்டாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள் என்றார். பக்கத்து வகுப்பிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு எரிச்சல்தான் வந்தது. பரீட்சையில் இதை எழுதினால் யார் மதிப்பெண் போடுவார்கள்? ஆனால் அடுத்த வருடம் அதையே நான் என் வகுப்பில் சொன்னேன். பிள்ளைகள் ரசித்தார்கள். இன்றுவரை ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். யாரிடமிருந்து வந்தது என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

இன்னொரு நாள் காலையில் பஸ் ஸ்டாண்டில் கால்படி மல்லிகை வாங்கி வந்து மேசையில் ஈரத்துணி போட்டுப் பரப்பினார். பூவின் பருவங்களுக்குத் தமிழில் அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர் என்று அத்தனை பெயர் இருக்கிறதே, எது எப்போது என்று பார்க்க வேண்டுமாம். ஒவ்வொரு பீரியடுக்கும் இரண்டு பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் பெயர் சொல்ல வேண்டும். மூன்றாவது பீரியடில் ஒருத்தி முகை என்றாள், இன்னொருத்தி இல்லை மொட்டுத்தான் என்று சண்டை போட்டாள். கடைசி பீரியடில் ஸ்டாஃப் ரூமே மணந்தது. விரியத் தொடங்கிய ஒரு பூவை நடுவில் வைத்துப் பத்துத் தலைகள் குனிந்திருந்தன. "போர்ஷன் எப்ப முடிக்கப் போறீங்க டீச்சர்?" என்று நான் கேட்டேன். அவருடைய போர்ஷன் எப்போதும் எனக்கு முன்பே முடிந்துவிடும். அது தெரிந்துதான் கேட்டேன்.

என்னிடமும் வந்து நிறையக் கேட்பார். முதலில் அது எனக்குப் பெருமையாக இருந்தது. என் அப்பா தமிழாசிரியர், எனக்குத் தெரியாதது இருக்காது என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், "திண்டாட்டம்னு சொல்றோமே மிஸ், அதுக்குள்ள என்ன இருக்கு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், ஆனால் சுற்றிலும் ஐந்தாறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "திண்டு மேல ஏறி நின்னு ஆடுறது. எப்ப விழுவோமோன்னு இருக்கும்ல, அதான் திண்டாட்டம்" என்று அடித்துவிட்டேன். எல்லோரும் ஆகா என்றார்கள். அவர் நோட்டை எடுத்து அதை எழுதி, பக்கத்தில் என் பெயரையும் போட்டுக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து வந்தார். "மிஸ், லைப்ரரில ரெண்டு அகராதி பாத்தேன். திண்டாடுன்னு தனியாவே இருக்கு. திண்டைப் பத்தி ஒண்ணும் இல்ல. நீங்க எங்க பாத்தீங்கன்னு சொன்னா நானும் பாத்துக்கிறேன்."

என்னைப் பிடித்துவிட வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நான் எங்கோ பார்த்திருப்பேன் என்று உண்மையாகவே நம்பினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "எல்லாத்துக்கும் புஸ்தகம் காட்ட முடியுமா டீச்சர்? பேச்சுலயே பொறந்து வளந்தவங்களுக்கு அது தெரியும்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் அவர் மேல் எனக்கு வெறுப்பு வந்தது என்று நினைக்கிறேன்.

அவருடைய பேச்சில் ஒரு சின்ன இழுப்பு உண்டு. வாக்கியத்தின் கடைசிச் சொல் கொஞ்சம் நீளும். ழகரமும் ளகரமும் எங்கள் எல்லோரையும்விடச் சுத்தம். அந்த இழுப்பு மட்டும் இருக்கும். ஒருநாள் அவர் இல்லாதபோது நான் அதைச் செய்து காட்டினேன். "அதுக்குள்ள என்ன இருக்கூ?" என்று கழுத்தைச் சாய்த்து இழுத்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கை தேர்ந்ததும் அடிக்கடி செய்தேன். புதிதாக வந்த டீச்சர்கள் என்னைச் செய்யச் சொல்லிக் கேட்பார்கள். ஒருமுறை சிரிப்பு அடங்கும்போது திரும்பினால் அவர் வாசலில் நின்றிருந்தார். கையில் சாக்பீஸ் டப்பா. உள்ளே வந்து டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

மறுநாள் சுவருக்கு அந்தப்பக்கம் அவர் ஒன்பதாம் வகுப்புக்கு இடவாகுபெயர் நடத்திக்கொண்டிருந்தார்.

"ஊர் சிரிச்சதுன்னா ஊரா சிரிக்கும்?"

"இல்ல மிஸ், ஊர்ல உள்ளவங்க."

"அப்ப ஏன் ஊர்னு சொல்றோம்?"

பிறகு அவரே சொன்னார்.

"சுருக்கமா சொல்லத்தான். எல்லார் பேரையும் சொல்லிட்டிருக்க முடியாதுல்ல. சில நேரம் யாரு யாருன்னு சொல்ல நமக்கு மனசு வராது. அப்பவும் இது உதவும்."

என்னை நினைத்துச் சொன்னாரா, பாடத்துக்காகச் சொன்னாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பிள்ளைகள், "மிஸ், அடுத்தது?" என்றார்கள்.

அவருடைய மகளும் எங்கள் பள்ளியில்தான் படித்தாள். அந்த வருடம் பத்தாம் வகுப்பு பி பிரிவில் இரண்டாவது பெஞ்சு. பள்ளிக்குள் மகளிடமும் தமிழில்தான் பேசுவார். மற்றப் பிள்ளைகளுக்குப் புரியாத மொழியில் தன் பிள்ளையோடு பேசுவது நியாயமில்லை என்பார்.

அரையாண்டுத் தேர்வுக்குத் தமிழ்த் தாள் எடுத்தது நான். விடைக்குறிப்பும் நான்தான் போட்டேன். கீ என்போம். ஒரு மதிப்பெண் கேள்வி ஒன்று: கீழ்க்கண்டவற்றுள் உருவகம் எது? பவளவாய், மலர்முகம், முகமலர், தேன்மொழி. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். மலர் போன்ற முகம் என்றால் மலர்முகம், அது உவமை. முகமே மலர் என்றால் முகமலர், அது உருவகம். மூன்றாவதுதான் விடை, 'இ' என்று போட வேண்டும். அவசரத்தில் 'ஆ' என்று அடித்துவிட்டேன். வெறும் கைத்தவறு.

தேர்வுக்கு முதல் நாள் கீயைப் பார்த்துவிட்டு அவர் என் மேசைக்கு வந்தார். குரலைத் தாழ்த்தி, "மிஸ், பதினொண்ணாவதுல முகமலர்தானே வரணும்?" என்றார். நான் தாளை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்கேவா டீச்சர்?"

"இல்ல மிஸ், ஒருவேளை டைப் பண்ணும்போது..."

"நான் பாத்துக்கிறேன். நீங்க போங்க."

தாளை ஏ, பி என்று பிரித்துத் திருத்துவது எங்கள் வழக்கமில்லை. இரண்டு பிரிவுக்கும் சேர்த்து ஒரு மதிப்பெண் பகுதியை நான் திருத்துவேன், நெடுவினாக்களை அவர் திருத்துவார். கீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் சிவப்பு மையால் போட்டுக்கொண்டே போனேன். ஏ பிரிவில் சிலர் 'ஆ', சிலர் 'இ'. பி பிரிவில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் 'இ'. ஒரு வகுப்பே தப்பு. எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. 'நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காங்க' என்று நினைத்துக்கொண்டு வரிசையாகப் பெருக்கல் குறி போட்டேன். ஒரு வகுப்பு முழுவதும் ஒரே விடையை எழுதியிருந்தால் நின்று யோசிக்க வேண்டும் என்பது இருபத்தைந்து வருட அனுபவத்துக்குத் தெரியாதா? நான் நிற்கவில்லை.

பிற்பாடுதான் பி பிரிவுப் பெண் ஒருத்தி சொன்னாள், அவர் அந்தப் பாடத்தை நடத்திய விதத்தை. "'போல'ன்னு சொல்றவங்க திரும்பிப் போக ஒரு வழி வச்சிருப்பாங்க. நாளைக்கே, மாதிரின்னுதான சொன்னேன், அதுவேன்னு சொல்லலையேன்னு சொல்லிக்கலாம். உருவகம் சொல்றவங்களுக்கு அந்த வழி கிடையாது. முகம்தான் மலர்னு சொல்லியாச்சு. அதுக்குத் துணிச்சல் வேணும்." இப்படிக் கேட்ட பிள்ளைக்கு அந்த விடை எப்படித் தப்பும்?

விடைத்தாள் கொடுத்த மறுநாள் ஏ பிரிவுப் பெண் ஒருத்தியின் அப்பா பாடப்புத்தகத்தோடு வந்துவிட்டார். அவர் வக்கீல். பிள்ளைக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது, போன ஒன்று இந்தக் கேள்வியில். பிரின்சிபால் அறையில் அவர் போட்ட சத்தம் வராந்தாவரை கேட்டது. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

பிரின்சிபால் கீயை என் பக்கம் தள்ளினார். "இது யாரு போட்டது மிஸ்?"

ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். "கீ பி செக்‌ஷன் டீச்சர் போட்டது சார். நான் அதைப் பாத்துத்தான் திருத்துனேன்" என்றேன்.

வக்கீல் உடனே, "அந்தம்மா வீட்ல தமிழே பேச மாட்டாகளாமே? அவுகள வச்சுத் தமிழ் நடத்துனா இப்பிடித்தான் இருக்கும்" என்றார். பிரின்சிபால் மறுக்கவில்லை. டீச்சருடைய வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் சரியான விடையை எழுதியிருக்கும்போது அவரே எப்படித் தப்பாகக் கீ போட்டிருப்பார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தமிழ் அவ்வளவுதான் என்று வருடக்கணக்காக நடித்துக் காட்டியவள் நான்தானே.

அவரை வரச் சொன்னார்கள். பிரின்சிபால், "என்ன டீச்சர், உருவகத்துக்கும் உவமைக்கும் வித்தியாசம் தெரியாதா?" என்றார். அவர் கீயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ரொம்ப நேரமில்லை. ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு அது சரிதானா என்று பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை. கோபம் இருந்திருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன்.

"இனிமே கவனமா இருக்கேன் சார்" என்றார்.

ஜனவரியிலிருந்து அவரை மூன்றாம் வகுப்புக்கு மாற்றினார்கள். பி பிரிவும் என்னிடம் வந்தது. பிள்ளைகள் அவருக்கு 'மலர்முகம் மிஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒருநாள் இடைவேளையில் மாடிப்படி அருகே மகள் தோழிகளோடு நின்றிருந்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு அவர் போனார். மகள் தோழிகளுக்குக் கேட்கிற மாதிரி, "உனக்கு எதுக்கும்மா தமிழு? பேசாம கணக்கு எடுத்திருக்கலாம்ல?" என்றாள். தோழிகள் சிரித்தார்கள். அவர், "வரிசை கலையாதீங்கப்பா" என்று சின்னப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே நடந்தார். இரண்டடி பின்னால் நான் வந்துகொண்டிருந்தேன்.

தினமும் அந்தப் பெண் என் முன்னால் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து, நான் சொல்வதையெல்லாம் எழுதிக்கொண்டாள். பொதுத்தேர்வில் தமிழில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். ஜூனில் பள்ளி திறந்தபோது அவர் வேலைக்கு வரவில்லை. மகளும் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். அவருக்கு ஒரு போன் போட வேண்டும் என்று நான் நினைத்தேன், போடவில்லை. அதற்குள் எட்டு வருடம்.

போன ஆவணியில் ஒரு வங்கிக்குப் போயிருந்தேன். கவுண்டருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து, "மிஸ், என்னையத் தெரியுதா?" என்றாள். தெரிந்தது. "மத்தியானம் எனக்கு அரை நாள் லீவு மிஸ். வீடு பக்கத்துலதான். அம்மா பாத்தா அம்புட்டு சந்தோசப்படுவாங்க. வராம போகக் கூடாது" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். காரணம் ஏதாவது சொல்லியிருக்கலாம். அவளோடு நடந்தேன்.

குறுகலான மாடிப்படி ஏறிப் போனோம். அவர் முன்னறையில் தரையில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மிஸ், வாங்க" என்றார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அதே இழுப்பு. காபி போட உள்ளே போனார்.

மகள் என் எதிரில் உட்கார்ந்து கலகலவென்று பேசினாள். "தமிழ்ல எனக்கு மார்க் வந்ததே உங்களாலதான் மிஸ். கடைசி மூணு மாசம் நீங்க மட்டும் வரலைன்னா அம்புட்டுதான். கிளாஸ்ல முகமலர்னு சொல்லிக் குடுத்துட்டு, கீல மலர்முகம்னு போட்ட ஆளுதானே எங்கம்மா!"

காபியோடு வந்த அவர் அதைக் கேட்டுச் சிரித்தார். பழகிப்போன சிரிப்பு. இந்த வீட்டில் இது எத்தனை தடவை சொல்லப்பட்ட வேடிக்கை என்று எனக்குப் புரிந்தது.

"அந்தக் கீயை உங்கம்மா போடலம்மா" என்றேன்.

"காபி ஆறுது மிஸ், குடிங்க" என்றார் அவர் உடனே.

"நான் போட்டது. தப்புன்னு உங்கம்மா முதல் நாளே வந்து சொன்னாங்க. நான் கேக்கல. பிரின்சிபால் கேட்டப்ப, உங்கம்மா போட்டாங்கன்னு பொய் சொன்னேன்."

மகள் முதலில் சிரித்தாள், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து. பிறகு அம்மாவைப் பார்த்தாள். அவர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி நின்றார்.

"நெசமாம்மா?"

அவர் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா சொல்லல? எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"பரிச்சைக்கு மூணு மாசம் இருந்துச்சு" என்றார் அவர். "நீ இவங்க கிளாஸ்லதான் உக்காரணும். டீச்சர் பொய் சொல்றவங்கன்னு மனசுல விழுந்துட்டா, அப்புறம் அவங்க சொல்ற எதுவும் உள்ள போகாது."

"சரி, பரிச்சை முடிஞ்சபெறகு? இந்த எட்டு வருசம்?"

அதற்கு அவர் தமிழில் பதில் சொல்லவில்லை. தங்கள் மொழியில் ஏதோ சொன்னார். மகள் பதிலுக்குக் கேட்டாள். அவர் மறுபடி சொன்னார், மெதுவாக, ஏழெட்டுச் சொற்கள் இருக்கும். மகளின் முகம் கோணியது. எழுந்து போய் அம்மாவின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அழுதுகொண்டே நிறையப் பேசினாள். அவர் அவள் முதுகைத் தடவியபடி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். நான் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் பேசியதில் ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. என்னைப் பற்றித்தான் பேசினார்களா என்றுகூடத் தெரியவில்லை. என்ன சொன்னீர்கள் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். "வாரேன் டீச்சர்" என்றேன். அவர் மகளின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மகள் திரும்பவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். மேலே அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தது தெருவரைக்கும் கேட்டது.